படைச் செலவும் மாற்று விகிதமும்: அரசுகளுக்கிடையிலான ஆக்கிரமிப்புக் கணக்கைப் பிரித்துப் படிக்கும் முறை

போர் முடிந்தபின் வென்ற நாட்டின் படை தோற்ற நாட்டின் மண்ணில் தங்கும்போது, அதன் சாப்பாடு, துணி, சம்பளம், குதிரைத் தீவனம், அடுப்புக்கரி ஆகியவற்றின் செலவை யார் ஏற்பது என்பதில் பெரும்பாலும் சண்டை வருவதில்லை. தோற்றவரே ஏற்க வேண்டும் என்று போர்நிறுத்த ஒப்பந்தமே எழுதிவிடுகிறது. அந்தச் செலவை எந்தப் பணத்தில் எழுதுவது, எந்த நாளின் விகிதத்தில் மாற்றுவது, இடையில் பணத்தின் மதிப்பு சரிந்தால் இழப்பு யாருடையது என்ற மூன்று கேள்விகளில்தான் அரசுகள் ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிக்கொள்கின்றன.

கோவை, ஈரோடு, நாமக்கல் பகுதிக் கல்லூரிகளில் பொருளாதார வரலாறும் பன்னாட்டுச் சட்டமும் படித்து ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருப்பூரில் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், வரலாற்றுத் துறையினர் வேகமாகக் கடந்துபோகும் விகிதப் பத்தியில் என் கண் முதலில் நின்றுவிடுகிறது. “எந்த ரேட்டுங்க சார் சரியான ரேட்டு?” என்பதுதான் என்னிடம் வரும் மாணவர்களின் முதல் கேள்வி. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளைச் செய்துவிட்டால், பாதித் தகராறுகளில் அந்தக் கேள்விக்கே இடமிருக்காது.

முதலில் செலவைத் தலைப்பு வாரியாகப் பிரியுங்கள்

மொத்தத் தொகையை எடுத்துக்கொண்டு விகிதத்தால் வகுக்கத் தொடங்குவது வழக்கமான பிழை. படைச் செலவு என்பது ஒரே பணத்தில் நடந்த ஒரே செலவு அன்று. சிப்பாயின் சம்பளம் அவனுடைய சொந்த நாட்டுப் பணத்தில் நிர்ணயிக்கப்பட்டது. அவன் தின்ற உருளைக்கிழங்கு ஆக்கிரமிக்கப்பட்ட ஊரின் பணத்தில் வாங்கப்பட்டது. அவன் போட்டிருந்த சட்டை கடல் தாண்டிக் கப்பலில் வந்தது. இம்மூன்றும் வெவ்வேறு விகிதத்துக்கு உரியவை.

இந்தப் பிரிவினையை எழுத்திலேயே செய்து வைத்த ஆவணம் 1919ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை. அதன் 249ஆவது பிரிவு, 1918 நவம்பர் 11ஆம் நாள் போர்நிறுத்தம் தொடங்கி, ஜெர்மானிய மண்ணில் தங்கிய நேச நாட்டுப் படைகளின் முழுச் செலவும் ஜெர்மனியைச் சேரும் என்கிறது. ஆள்களுக்கும் விலங்குகளுக்குமான உணவு, தங்குமிடம், சம்பளமும் படிகளும், படுக்கை, வெளிச்சம், கணப்பு, உடை, சேணம், ஆயுதம், வான்படைச் சேவை, நோயாளிகளின் மருத்துவம், கால்நடை மருத்துவம், போக்குவரத்து, தபால் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அதன்பின் வரும் பத்தியை மாணவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே விலைக்கு வாங்கியதற்கும் கட்டாயமாக எடுத்துக்கொண்டதற்கும் உரிய தொகையை ஜெர்மனி மார்க்கில், நடப்பு விகிதத்திலோ ஒப்புக்கொண்ட விகிதத்திலோ கொடுக்க வேண்டும். மற்ற எல்லாச் செலவையும் தங்க மார்க்கில் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

தங்க மார்க் என்பது கையில் பிடிக்கும் பணம் அன்று, கணக்கு அலகு. 262ஆவது பிரிவு அதைக் கடன் கொடுத்தவரின் விருப்பப்படி லண்டனில் பவுண்டாகவோ, நியூயார்க்கில் தங்க டாலராகவோ, பாரிசில் தங்க பிராங்காகவோ, ரோமில் தங்க லிராவாகவோ பெற்றுக்கொள்ளலாம் என்றும், அந்தத் தங்க நாணயங்களின் எடையும் மாற்றும் 1914 ஜனவரி 1 அன்று சட்டத்தில் இருந்தபடியே கொள்ளப்படும் என்றும் சொல்கிறது. ஆகவே இரண்டாவது வகைச் செலவில் விகிதத் தகராறு எழ இடம் குறைவு. தகராறெல்லாம் முதல் வகையில், அதாவது உள்ளூர்க் கொள்முதலில் வந்து குவியும். உங்கள் கையில் இருக்கும் ஆவணம் எதுவாக இருந்தாலும், உள்ளூர்ப் பணத்தில் நடந்த செலவு எவ்வளவு, சொந்தப் பணத்தில் நடந்த செலவு எவ்வளவு என்ற பிரிப்பை முதல் நாளே செய்துவிடுங்கள்.

தலைப்புகளைப் பிரிக்கும்போது ஆள் ஒருவருக்கான செலவையும் பார்ப்பது நல்லது. நேச நாட்டுப் படைகள் தங்கியிருந்த ஜெர்மனியின் ரைன் பகுதியில் அமெரிக்கச் சிப்பாயின் சம்பளம் பிரெஞ்சுச் சிப்பாயின் சம்பளத்தைவிடப் பல மடங்கு அதிகம். தலைக்கு இவ்வளவு என்று எல்லாப் படைக்கும் ஒரே தொகை வைத்தால் அமெரிக்காவுக்கு நட்டம். உண்மைச் செலவை வைத்தால் குறைந்த ஆள்களைக் கொண்ட படை பெரிய பங்கைக் கொண்டுபோகும் என்று மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். மாற்று விகிதத் தகராறு போலத் தோன்றும் சில கடிதங்கள் உண்மையில் இந்தத் தலைக்கட்டுத் தகராறுதான். இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

நாளைக் கண்டுபிடியுங்கள்

நடப்பு விகிதம் என்று பிரிவு சொல்கிறது; எந்த நாளின் நடப்பு என்று சொல்லவில்லை. பொருளை எடுத்துக்கொண்ட நாளா, பில் தாக்கல் செய்த நாளா, பணம் கைக்கு வந்த நாளா? திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்பவர் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆர்டர் எடுத்த நாளில் ஒரு விகிதம், சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறிய நாளில் ஒரு விகிதம், பணம் வங்கிக்கு வந்த நாளில் ஒரு விகிதம். முன்கூட்டியே விகிதத்தைப் பதிந்து வைக்காதவருக்கு ஆண்டு லாபமே இந்த மூன்று நாள்களுக்கு நடுவில் கரைந்துபோகக்கூடும். அரசுகளுக்கும் இதுவேதான் நடந்தது; ஒரே வேறுபாடு, 1922இலும் 1923இலும் மார்க் சரிந்த வேகத்தில் லாபம் மட்டுமன்றி முதலும் சேர்ந்து கரைந்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகை நான் வைத்துக்கொண்டது. விகிதங்கள் அந்தந்த மாதத்தின் சராசரி. கோப்லென்ஸ் நகரில் தலைமையகம் வைத்திருந்த அமெரிக்கப் படை, 1922 ஜனவரியில் உள்ளூரில் 10 லட்சம் காகித மார்க்குக்குத் தீவனம் வாங்கியது என்று கொள்ளுங்கள். அந்த மாதம் ஒரு டாலருக்குச் சுமார் 192 மார்க். ஆகவே அமெரிக்கக் கருவூலம் அந்த மார்க்குகளை வாங்கச் செலவழித்தது ஏறக்குறைய 5,200 டாலர். ஜெர்மனி அதே 10 லட்சம் மார்க்கை 1922 ஜூலையில் திருப்பிக் கொடுத்திருந்தால், அப்போதைய விகிதம் டாலருக்கு 493 மார்க் என்பதால், அமெரிக்காவின் கைக்கு வருவது 2,030 டாலர் அளவு. 1923 ஜனவரியில் கொடுத்திருந்தால், டாலருக்கு 17,972 மார்க் என்ற கணக்கில், 56 டாலர். 1923 ஜூலையில் கொடுத்திருந்தால், டாலருக்கு 3,53,412 மார்க் என்ற கணக்கில், மூன்று டாலருக்கும் குறைவு.

மறுபக்கம் நின்று பாருங்கள். வாங்கிய நாளின் டாலர் மதிப்பை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்றால், 1923 ஜூலையில் ஜெர்மனி 10 லட்சம் மார்க்குக்குப் பதிலாகச் சுமார் 184 கோடி மார்க் கொடுக்க வேண்டும். அந்த மார்க்கை அச்சடித்துக் கொடுத்தால் மார்க் மேலும் சரியும். சரிந்தால் அடுத்த பில்லுக்கு இன்னும் அதிகம் அச்சடிக்க வேண்டும். 1923 நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலையில்தான் ரெண்டன்மார்க் என்ற புதுப் பணம் வந்து அதை நிறுத்தியது. ஆக, தகராறின் இரு முனைகளும் ஒரே பிரிவின் ஒரே சொற்றொடரிலிருந்து வருகின்றன. ஆய்வேட்டில் இரண்டையும் எண்ணாகப் போட்டுக் காட்டாமல் விகிதத் தகராறு இருந்தது என்று மட்டும் எழுதினால் வாசகருக்கு எதுவும் விளங்காது.

இதிலிருந்து தப்ப அரசுகள் கண்ட வழிகளில் ஒன்று, ஒப்புக்கொண்ட தொகையை முன்பே நிறுத்திவைப்பது. 1922 மார்ச் 11ஆம் நாள் நேச நாட்டு நிதியமைச்சர்கள் பாரிசில் செய்த உடன்பாட்டில், அந்த ஆண்டு மே முதல் ரைன் படைகளின் ஆண்டுச் செலவு பிரிட்டனுக்கு 20 லட்சம் பவுண்டு, பிரான்சுக்கு 46 கோடி பிராங்க், பெல்ஜியத்துக்கு 10.2 கோடி பெல்ஜிய பிராங்க் என்று வைக்கப்பட்டது. ஒவ்வொரு படையின் செலவும் அதனதன் காகிதப் பணத்தில் எழுதப்பட்டதைக் கவனியுங்கள். மார்க் சரிந்தால் இனிக் கவலையில்லை. ஆனால் பிராங்க் சரிந்தால் தங்கக் கணக்கில் ஜெர்மனியின் சுமை குறையும். ஆபத்து ஒழிந்துபோகவில்லை, மார்க்கிலிருந்து பிராங்குக்கு இடம் மாறியது. விகிதப் பிரிவு ஒன்றைப் படிக்கும்போதெல்லாம் ஆபத்து எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவதுதான் நாம் பழகிக்கொள்ள வேண்டிய வேலை.

ஜெர்மனியின் போர் இழப்பீட்டுத் தவணைகளை ஒழுங்குபடுத்திய 1924இன் டாஸ் திட்டம் அதை இன்னும் வெளிப்படையாகச் செய்தது. ஜெர்மனி தன் ஆண்டுத் தவணையை மார்க்கிலேயே, பெர்லினில் இழப்பீட்டு முகவரின் கணக்கில் கட்டிவிட்டால் அதன் கடமை தீர்ந்தது. அந்த மார்க்கை அந்நியப் பணமாக மாற்றி வெளியே கொண்டுபோவது கடன் கொடுத்தவர்கள் நியமித்த குழுவின் பாடு. மார்க்கின் மதிப்பு கெடாத வகையில் மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. கட்டுவதும் வெளியே கொண்டுபோவதும் இரண்டு தனித்தனி வேலைகள் என்ற இந்த வேறுபாடு உங்கள் கோப்பில் உள்ள உடன்பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கட்டினேன் என்று ஒருவரும் வந்து சேரவில்லை என்று மற்றவரும் சொல்லும் கடிதங்கள் நிச்சயம் இருக்கும்.

விகிதத்தை வைத்தவர் யார், நோட்டை அடித்தவர் யார்

இதுவரை சொன்னது சந்தை விகிதம் ஒன்று இருக்கும் காலத்துக்கு உரியது. இரண்டாம் உலகப் போரில் விகிதத்தை ஆக்கிரமித்தவரே வைத்தார். பல இடங்களில் நோட்டையும் அவரே அடித்தார். இங்கே கேட்க வேண்டிய கேள்வி மாறுகிறது.

1940 ஜூன் 22ஆம் நாள் போர்நிறுத்தத்துக்குப்பின் பிரான்ஸ், ஜெர்மானியப் படைக்காக நாள் ஒன்றுக்கு 2 கோடி ரைக்ஸ்மார்க் (அன்றைய ஜெர்மானியப் பணம்) கட்ட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஒரு ரைக்ஸ்மார்க்குக்கு 20 பிராங்க் என்று ஜெர்மனியே விகிதம் வைத்ததால், நாளொன்றுக்கு 40 கோடி பிராங்க் ஆயிற்று. 1939 தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 38 பிராங்க், ஒரு டாலருக்குச் சுமார் 2.5 ரைக்ஸ்மார்க் என்ற விகிதங்களின் வழியே கணக்கிட்டால் ஒரு ரைக்ஸ்மார்க் ஏறத்தாழ 15 பிராங்க்தான் பெறும். அந்த விகிதத்தில் அதே 2 கோடி ரைக்ஸ்மார்க் 30 கோடி பிராங்கில் முடிந்திருக்கும். ஆக, விதித்த தொகையில் ஒரு காசும் ஏற்றாமல், விகிதத்தால் மட்டும் நாளொன்றுக்கு 10 கோடி பிராங்க் கூடுதலாக எடுக்கப்பட்டது. தொகையைப் பற்றி மட்டும் பேசும் நூல்களில் இது கண்ணில் படாது. அதுமட்டுமன்றி, அந்த விகிதத்தில் ஜெர்மானியச் சிப்பாய் ஒவ்வொருவரும் பாரிஸ் கடைத்தெருவில் தன் சம்பளத்துக்குக் கூடுதல் பொருள் வாங்கினார். அந்தப் பலன் எந்த அரசுக் கணக்கிலும் ஏறவில்லை.

நேச நாடுகளும் தங்கள் முறை வந்தபோது நோட்டு அடித்தன. 1943 ஜூலையில் சிசிலியில் இறங்கிய படைகள் கொண்டுவந்த படை லிராவுக்கு டாலருக்கு 100, பவுண்டுக்கு 400 என்று விகிதம் வைக்கப்பட்டது. இந்த நோட்டுகளை இறுதியில் மதிப்பளித்து ஏற்க வேண்டியவர் இத்தாலிய அரசு. சிப்பாய்களின் சம்பளமாகப் போன லிராவுக்கு ஈடான டாலரை இத்தாலிக்கு வரவு வைப்பதாக 1944 அக்டோபரில் ரூசவெல்ட் அறிவித்தார்; மற்றச் செலவுகளுக்கு அந்தச் சலுகை இல்லை. முதல் பகுதியில் சொன்ன தலைப்புப் பிரிவினை இங்கே மீண்டும் வருகிறது: ஒரே நோட்டு, சம்பளமாகப் போனால் டாலர், கொள்முதலுக்குப் போனால் வெறும் காகிதம்.

ஜெர்மனியில் படை மார்க்குக்கு டாலருக்கு 10 என்று விகிதம். அதே நோட்டை அடிக்கும் தகடுகள் 1944இல் சோவியத் ஒன்றியத்துக்கும் கொடுக்கப்பட்டன. சோவியத் சிப்பாய்களுக்குப் பல மாதச் சம்பளப் பாக்கி அந்த மார்க்கில் கிடைத்தது. அவர்களால் அதை ரூபிளாக மாற்றி ஊருக்கு அனுப்ப முடியாது. அமெரிக்கச் சிப்பாயால் மார்க்கை டாலராக்கி அனுப்ப முடியும். ஆகவே பெர்லினில் கைக்கடிகாரமும் சிகரெட்டும் நல்ல விலைக்குப் போயின. அமெரிக்கப் படையினர் வாங்கிய சம்பளத்தைவிட அதிகமான டாலர் ஊருக்குப் போனது. 1947இல் அமெரிக்க செனட் இதை விசாரித்தது. நோட்டை அடிப்பவர் ஒருவர், டாலராக மாற்றிக் கொடுப்பவர் இன்னொருவர் என்று இருக்கும் எந்த ஏற்பாட்டிலும் ஓட்டை இருக்கும் என்பதால், ஆவணத்தில் இந்த இரண்டு பெயர்களையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் நிலைமை வேறு. அங்கே ஆக்கிரமிப்புச் செலவை ஜப்பானிய அரசு தன் வரவுசெலவுத் திட்டத்திலேயே யென்னாக ஏற்றது. படைகளுக்கான யென் விகிதம் 1945 செப்டம்பரில் டாலருக்கு 15, 1947 மார்ச்சில் 50, 1948 ஜூலையில் 270 என்று நகர்ந்து, 1949 ஏப்ரலில் எல்லாப் பரிவர்த்தனைக்கும் 360 என்று நின்றது. 1945 முதல் 1949 வரையிலான ஜப்பானியச் செலவை ஒரே விகிதத்தில் டாலராக்கிய எந்த அட்டவணையையும் நம்ப வேண்டாம்.

கணக்கின் திசை மாறும் இடம்

ஆக்கிரமித்தவர் கடன்காரராகவும், இடம் கொடுத்தவர் கடன் கொடுத்தவராகவும் இருக்கும் கோப்புகளும் உண்டு. கொரியா அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1945 முதல் 1948 வரை தென் கொரியாவில் அமெரிக்க இராணுவ ஆட்சி நடந்தது. அது முடிந்து இரண்டாண்டுக்குள் போர் மூண்டது. 1950 ஜூலை 28ஆம் நாள் ஒப்பந்தப்படி ஐ.நா. கொடியின்கீழ் வந்த படைகளுக்கு வேண்டிய உள்ளூர்ப் பணத்தைக் கொரிய அரசு முன்பணமாக அச்சடித்துக் கொடுத்தது. ஈடு பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. பணம் அச்சடித்துக் கொடுத்ததால் விலைவாசி ஏறியது. ஏறியதும், எந்த விகிதத்தில் டாலர் தருவது என்ற பேச்சு கசந்தது. 1953 பிப்ரவரியில் 100 வொன்னுக்கு 1 ஹ்வான் என்று புதுப் பணம் வந்தது. அதே மாதம் அமெரிக்கா 8.58 கோடி டாலர் கொடுத்து அதுவரையிலான முன்பணத்தைத் தீர்த்தது. அதிகாரபூர்வ விகிதம் டாலருக்கு 60 ஹ்வானாக இருந்து, 1953 டிசம்பரில் 180 ஆகி, 1955 ஆகஸ்டில் 500 ஆயிற்று.

18 கோடி ஹ்வான் முன்பணம் என்று ஒரு தொகையை வைத்துக்கொள்ளுங்கள். 60 விகிதத்தில் கொரியாவுக்கு 30 லட்சம் டாலர், 180இல் 10 லட்சம், 500இல் 3.6 லட்சம். கொரிய அரசு பழைய விகிதத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் தேசப் பெருமை என்று எழுதுபவர்கள் இந்த மூன்று எண்களைப் பார்க்கவில்லை. அமெரிக்கா சந்தையை ஒட்டிய விகிதம் கேட்டதற்கும் அதே மூன்று எண்கள்தாம் காரணம். வெர்சாய் கோப்பில் சரியும் பணத்தால் இழந்தவர் ஆக்கிரமித்தவர். கொரியக் கோப்பில் இழந்தவர் இடம் கொடுத்தவர். முன்பணம் கொடுத்தவர் யார் என்பதே இழப்பின் திசையைத் தீர்மானிக்கிறது.

கிரீசின் கோப்பு இன்னும் மூடப்படவில்லை. 1942 மார்ச்சில் ரோமில் ஜெர்மனியும் இத்தாலியும் செய்த ஏற்பாட்டின்படி, வழக்கமான ஆக்கிரமிப்புச் செலவுக்கு மேல் கிரேக்க வங்கியிடமிருந்து எடுத்த தொகை கடனாக எழுதப்பட்டது. போர் முடியும் தறுவாயில் ஜெர்மானியத் தரப்பே கணக்கிட்டு 47.6 கோடி ரைக்ஸ்மார்க் பாக்கி என்று எழுதியது. கொடுக்கப்பட்ட டிராக்மாவோ 1944 நவம்பரில் 5,000 கோடிக்கு ஒரு புது டிராக்மா என்று செத்துப்போனது. ரைக்ஸ்மார்க்கும் 1948இல் மறைந்தது. செத்த இரண்டு பணங்களில் எழுதிய கடனை இன்றைய யூரோவாக்க வட்டி, இடைநிலைப் பணம், தொடக்க நாள் ஆகிய மூன்றையும் எழுதுபவரே தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால்தான் செய்தித்தாள்களில் ஒன்றுக்கொன்று பொருந்தாத தொகைகள் வருகின்றன. விவகாரம் 1990இன் ஜெர்மானிய ஒன்றிணைப்பு உடன்படிக்கையோடு முடிந்தது என்பது ஜெர்மனியின் நிலை; கிரீஸ் அதை ஏற்கவில்லை.

நம் ஊர்க்காரர் கையாண்ட கணக்கு

இந்தியாவின் ஸ்டெர்லிங் பாக்கி கறாரான பொருளில் ஆக்கிரமிப்புச் செலவு அன்று. போர்க்காலத்தில் பிரிட்டன் இந்தியாவில் செய்த படைச் செலவின் பாக்கி. இருந்தாலும் கொங்கு நாட்டு மாணவர்கள் இதைத் தவிர்க்கக் கூடாது. கோவையில் பிறந்து, நூற்பாலைக் குடும்பத்திலிருந்து வந்து, சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் இந்தக் கணக்கின் இரு கட்டங்களில் நேரடியாக இருந்தார்.

1939 நவம்பர் ஏற்பாட்டின்படி, இந்தியாவின் சாதாரணப் பாதுகாப்புச் செலவுக்கு மேற்பட்டதைப் பிரிட்டன் ஏற்றது. இந்தியாவில் செலவு ரூபாயில் நடந்தது; ஈடு லண்டனில் ரிசர்வ் வங்கியின் கணக்கில் பவுண்டாக வரவு வைக்கப்பட்டது; அந்த வரவை ஆதாரமாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டு வெளியிடப்பட்டது. விகிதம் ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது பவுண்டுக்கு 13.33 ரூபாய். போர் முடிந்தபோது பாக்கி 130 கோடி பவுண்டு அளவு, ரூபாயில் ஏறக்குறைய 1,733 கோடி. இந்தியாவில் விலை ஏறிக் கிடந்ததால் அந்த விகிதத்தில் தாங்கள் அதிக விலை கொடுத்தோம், பாக்கியைக் குறைக்க வேண்டும் என்று லண்டனில் பலர் வாதாடினர். விலை ஏறியதே அந்தச் செலவுக்காக நோட்டு அடித்ததால்தான் என்பது இந்தியத் தரப்பின் பதில். அந்தப் பதில் எனக்குச் சரியாகவே படுகிறது. பஞ்சத்தையும் பங்கீட்டுக் கடை வரிசையையும் தாங்கியவர்கள் அதற்கான விலையை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்.

1944 ஜூலையில் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் சண்முகம் செட்டியார் இடம்பெற்றிருந்த இந்தியக் குழு, இந்தப் பாக்கியில் ஒரு பகுதியையாவது பிற நாணயமாக மாற்ற வழி வேண்டும் என்று கேட்டது. மாநாடு அதைத் தன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. 1948இல் நிதியமைச்சராக அவர் லண்டனில் பேசி முடித்த உடன்பாட்டில், பிரிட்டன் இங்கே விட்டுச்சென்ற தளவாடங்களுக்கும் இராணுவக் கட்டமைப்புகளுக்கும் 10 கோடி பவுண்டும், பிரிட்டிஷ் அலுவலர்களின் ஓய்வூதியத்தை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குச் சுமார் 16.8 கோடி பவுண்டும் பாக்கியிலிருந்து கழிந்தன. பாக்கியைக் குறைக்கும் பேச்சு அத்துடன் அடங்கியது. ஆனால் 1949 செப்டம்பரில் பவுண்டு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலருக்கு இறக்கப்பட்டது. ரூபாயும் கூடவே இறங்கியது. 100 பவுண்டு பாக்கி ரூபாயில் அன்றும் 1,333தான். டாலரில் 403 ஆக இருந்தது 280 ஆனது. இழப்பு உண்டா இல்லையா என்பது எந்தப் பணத்தைக் கொண்டு அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவிலிருந்து இயந்திரமும் கோதுமையும் வாங்க வேண்டியிருந்த நாட்டுக்கு டாலர் அளவுகோலே பொருத்தம்.

தீர்வுத் தொகையைச் சந்தேகத்தோடு படியுங்கள்

விகிதம், நாள், ஆபத்து எல்லாம் தெரிந்தபின் தீர்வு உடன்பாட்டைப் படியுங்கள். அதற்கு முன் படிக்க வேண்டாம். அமெரிக்காவின் ரைன் படைச் செலவு உரிமைக்கோரிக்கை சுமார் 25 கோடி டாலர். படை 1923 ஜனவரியில் கோப்லென்சை விட்டுப் போனது. அதே மாதம் பிரெஞ்சுப் படை ரூர் பகுதிக்குள் நுழைந்தது. மே 25ஆம் நாள் பாரிசில் அமெரிக்கப் பிரதிநிதி வாட்ஸ்வொர்த் முடித்த உடன்பாடு 12 ஆண்டில் தொகையைத் தர வழிசெய்தது. அது நடைமுறைக்கு வருமுன் டாஸ் திட்டம் வந்துவிட்டதால், 1925 ஜனவரி 14ஆம் நாள் உடன்பாடு அதன் இடத்தைப் பிடித்து, 1926 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 5.5 கோடி தங்க மார்க் என்று வைத்தது. அது ஏறத்தாழ 1.31 கோடி டாலர். வட்டி சேர்க்காமல் வகுத்தாலே 19 ஆண்டு. தங்க அலகைக் காப்பாற்றிக்கொண்ட அமெரிக்கா காலத்தில் விட்டுக்கொடுத்தது. 1930 ஜூன் 23ஆம் நாள் ஜெர்மனியோடு நேரடியாகச் செய்த உடன்பாட்டில் தவணை மேலும் நீண்டது. பணம் ரைக்ஸ்மார்க்கில் எழுதப்பட்டு, ஒரு ரைக்ஸ்மார்க் என்பது ஒரு கிலோ தங்கத்தில் 2,790இல் ஒரு பங்கு என்று கட்டிவைக்கப்பட்டு, கட்டும் நாளுக்கு முந்தைய அரை மாதத்தின் பெர்லின் சந்தைச் சராசரியில் டாலராக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டது. நான் படித்த விகிதப் பிரிவுகளில் ஓட்டை குறைந்தவற்றுள் இது ஒன்று. அடுத்த ஆண்டே அமெரிக்க அதிபர் ஹூவரின் தவணை நிறுத்தம் வந்து எல்லாம் நின்றுபோனது வேறு கதை.

நன்றாக எழுதிய காப்புப் பிரிவும் ஒரு திசையை மட்டுமே பார்த்திருக்கலாம். ஜெர்மனி 1930இல் வெளியிட்ட யங் கடன் பத்திரங்களுக்கு 1953இன் லண்டன் கடன் உடன்பாடு, மிகக் குறைவாக மதிப்பிழந்த பணத்தை அடிப்படையாக வைத்துக் காப்பளித்தது. 1961லும் 1969லும் ஜெர்மன் மார்க்கின் மதிப்பு உயர்த்தப்பட்டபோது, மற்றப் பணங்கள் இழந்ததாகத்தானே பொருள் என்று பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து ஆகியவை வழக்காடின. கோப்லென்சில்தான் நடுவர் மன்றம்; அமெரிக்கப் படை தங்கிப்போன அதே ஊர். 1980இல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் கோரிக்கை தள்ளுபடியானது. ஒரு பணம் உயர்வதும் மற்றது தாழ்வதும் ஒன்றே என்று ஏற்றுமதியாளர் நினைக்கலாம். உடன்படிக்கையில் எழுதினால் மட்டுமே அது ஒன்று.

அட்டவணையைப் போடுவது

இவ்வளவையும் ஒரே அகலத்தாளில் கொண்டுவர முடியும். இடப்பக்கம் செலவுத் தலைப்புகள்; அடுத்து அது நடந்த பணம்; அடுத்து செலவு நடந்த மாதம், கோரிக்கை எழுதிய மாதம், பணம் வந்த மாதம் என்று மூன்று பத்திகள்; அவற்றின் கீழ் அந்தந்த மாத விகிதம். விகிதங்களை ஒரே வரிசையிலிருந்து எடுங்கள். ஒரு மாதத்துக்கு மாதச் சராசரியும் இன்னொரு மாதத்துக்கு மாத இறுதி விகிதமும் கலந்தால், 1923 போன்ற ஆண்டில் கணக்கு பல மடங்கு பிசகும். அதிகாரபூர்வ விகிதத்துக்கும் படை விகிதத்துக்கும் கள்ளச் சந்தை விகிதத்துக்கும் தனித்தனி நிறம் கொடுங்கள். தொகைகளை லட்சம், கோடியில் எழுதுவதா மில்லியனில் எழுதுவதா என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள். ஒரு சுழியம் தவறிய ஆய்வேடுகளை நான் பார்த்திருக்கிறேன். லட்சம் கோடி என்ற இடத்தில் அமெரிக்க ஆவணமும் பழைய பிரிட்டிஷ் ஆவணமும் ஒரே பெயரால் வெவ்வேறு எண்ணைக் குறிக்கும் என்பதால் அங்கே சுழியங்களையே எண்ணி எழுதுங்கள்.

கடிதப் போக்குவரத்துக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை ஆண்டுவாரியாக வெளியிட்டுள்ள ஆவணத் தொகுதிகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஸ்டெர்லிங் பாக்கிக்கு ரிசர்வ் வங்கியின் வரலாற்றுத் தொகுதி அதன் தளத்திலேயே இருக்கிறது. கடிதத்தைப் படிக்கும்போது எழுதியவர் கருவூலத்தைச் சேர்ந்தவரா, வெளியுறவுத் துறையைச் சேர்ந்தவரா, படைத்தலைமையைச் சேர்ந்தவரா என்று ஓரத்தில் குறியுங்கள். ஒரே அரசுக்குள் இந்த மூவரும் ஒரே விகிதத்தைக் கேட்பது அபூர்வம். கடைசிப் பத்தியில் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே, விகிதம் மாறியதால் வந்த இழப்பை இறுதியில் எந்த அரசு தன் கணக்கில் எழுதிக்கொண்டது என்று ஒரு சொல்லில் போடுங்கள். ஆவணத்தில் பதில் கிடைக்காத கட்டத்தை ஊகத்தால் நிரப்பாமல் வெறுமையாகவே விட்டு, மேற்பார்வையாளரிடம் அந்தக் கட்டங்களோடு போங்கள்.